தாயம் விழாத பிள்ளை

மே மாத விடுமுறை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டு ஹால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு முடிந்தாயிற்று. ஃபேனுக்கு நேர் கீழே, தரையில் சாக்பீஸால் தாயக்கட்டம் போட்டு, பாட்டி, அத்தை, பேத்தி, பேரன் என நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டை உருள்கிறது. பாட்டிக்கு மூன்றாவது சுற்றிலேயே தாயம். அத்தைக்கு ஐந்தாவது சுற்றில். பேத்திக்கும் விழுந்துவிட்டது. பேரனுக்கு மட்டும் இரண்டு, நான்கு, மூன்று, மறுபடியும் மூன்று.

பத்தாவது சுற்றில் அவன் கட்டையை உருட்டிவிட்டு, என்ன விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. கண் செல்போன் பக்கம் போய்விட்டது.

“போனாப் போவுது, சின்னப் பிள்ளைதானே. ஒரு காயை இறக்கிக்கோடா கண்ணு” என்கிறார் பாட்டி.

“அதெப்படி பாட்டி? நான் மட்டும் தாயம் போட்டுத்தானே இறங்குனேன்!” என்று பேத்தி சண்டைக்கு வருகிறாள்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதே சமயம், ஒருவன் எழுந்து போய்விட்டால் ஆட்டமே கலைந்துவிடும். இந்த இரண்டு நியாயத்துக்கும் நடுவில் உட்கார்ந்து வழி தேடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். போர்டு கேம் வடிவமைப்பாளர்கள் என்று அவர்களுக்குப் பெயர்.

‘கேம் டிசைனர்’ என்று யாராவது அறிமுகம் செய்துகொண்டால், உடனே வரும் கேள்வி, “எந்த ஆப்?” என்பதுதான். ஆப் இல்லை, அட்டை, காய், பகடை என்று விளக்கினால், “ஓ, படம் வரைவீங்களா?” என்பது அடுத்த கேள்வி. படத்தைப் பெரும்பாலும் வேறொரு ஓவியர் வரைகிறார். வடிவமைப்பாளரின் வேலை விதிகளை உண்டாக்குவது. இன்னும் சரியாகச் சொன்னால், தோற்கப் போகிறவரையும் கடைசிவரை பாயில் உட்கார வைக்கும் விதிகளை உண்டாக்குவது. ஜெயிக்கிறவரை உட்கார வைக்க யாரும் மெனக்கெட வேண்டாம், அவராகவே உட்கார்ந்திருப்பார்.

எட்டில் ஒன்று

அந்தப் பேரனுக்கு ஏன் தாயம் விழவில்லை? ராசி இல்லை என்பார்கள் வீட்டில். வடிவமைப்பாளர் பேப்பரும் பேனாவும் எடுப்பார்.

தாயக்கட்டை ஒன்றுக்கு நான்கு பக்கம். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒரு பக்கம் வெறுமை. இரண்டு கட்டையைச் சேர்த்து உருட்டினால் நாலு நாலு பதினாறு விதமாக விழலாம். ஒன்று வெறுமையாகவும் மற்றது ஒரு புள்ளியாகவும் விழுந்தால்தான் தாயம். பதினாறில் அப்படி அமைவது இரண்டே இரண்டு. அதாவது எட்டில் ஒன்று. பன்னிரண்டு விழ இரண்டு கட்டையும் வெறுமையாக விழ வேண்டும். அது பதினாறில் ஒன்றுதான். ஆறும் அப்படியே. மூன்று மட்டும் பதினாறில் நான்கு. தாயக் கட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தால் சலிக்கச் சலிக்க மூன்று விழுவது இதனால்தான்.

எட்டில் ஒன்று என்றால், எட்டு முறை உருட்டினால் கட்டாயம் விழும் என்று அர்த்தமில்லை. நூறு பிள்ளைகள் ஆளுக்குப் பத்து முறை உருட்டினால், அவர்களில் சுமார் 26 பேருக்கு ஒரு தாயம்கூட விழாது. நாலு பேர் விளையாடும் வீட்டில் ஒருவர் ஒதுங்கி உட்கார்ந்திருப்பது ராசிக் குறை அல்ல. கட்டையின் கணக்கே அப்படி. லூடோவில் ஆறு விழுந்தால்தான் காய் வெளியே வரும். அது ஆறில் ஒன்று. அங்கே பத்து முறை உருட்டியும் வெளியே வராத பிள்ளைகள் நூற்றுக்கு 16 பேர். ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தாலும் மறுபடி உருட்டலாம் என்று தாயத்தில் ஒரு வழக்கம் இருக்கிறதே, அது இந்தக் காத்திருப்பைக் கொஞ்சம் குறைக்கிறது. அதை முதலில் யார் சேர்த்தார்களோ, அவரும் ஒரு வடிவமைப்பாளர்தான்.

பாட்டி இந்தக் கணக்கைப் போட்டதில்லை. பேரன் முகத்தைப் பார்த்தார், விதியைத் தளர்த்தினார். கணக்கில் கிடைக்கும் விடையும் அதுதான்.

பீச் ஸ்டேஷன் வரை ஓர் ஆட்டம்

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். தாம்பரத்தில் இருக்கிறவருக்கு முதலில் தோன்றக்கூடிய யோசனை, மின்சார ரயில். 1931-ல் இருந்து பீச் ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும் ரயில். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று தொடங்கி எழும்பூர், பார்க், கோட்டை, கடற்கரை வரை 18 நிலையங்கள். வரைந்து வைத்தாற்போல ஒரு பலகை கையில் கிடைத்துவிட்டது. ஆளுக்கொரு ரயில். பகடையை உருட்டி முதலில் கடற்கரை போய்ச் சேருபவர் வெற்றி.

சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, சட்டை பட்டன்களை ரயிலாக வைத்து விளையாடிப் பார்த்தால், ஐந்தாறு உருட்டலில் ஆட்டம் முடிந்துவிடும். 17 கட்டம் கடக்க வேண்டும். பகடையில் சராசரியாக விழுவது மூன்றரை. இரண்டு தடவை ஒன்று விழுந்தவர் பழவந்தாங்கலைத் தாண்டுவதற்குள் அடுத்தவர் நுங்கம்பாக்கத்தில் நிற்பார். பின்தங்கியவர் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

சரி, விதியை மாற்றலாம். முதலில் போவது வெற்றி இல்லை. அதிகப் பயணிகளை ஏற்றியவர்தான் வெற்றி. ஒவ்வொரு நிலையத்திலும் புளியங்கொட்டைகள் பயணிகளாக நிற்கின்றன. ஒரு ரயிலில் இத்தனை பேருக்குத்தான் இடம். முன்னால் போன ரயில் ஏற்ற முடியாமல் விட்ட கூட்டம், பின்னால் வரும் ரயிலுக்கு. இப்போது பின்தங்கியவருக்கும் ஒரு லாபம் இருக்கிறது. ஆட்டம் சூடுபிடிக்க வேண்டும் அல்லவா?

விளையாடிப் பார்த்தால் புதுத் தொல்லை. யாருமே நகர மாட்டேன் என்கிறார்கள். முன்னால் போனால் நஷ்டம் என்று தெரிந்ததும், எல்லோரும் தாம்பரத்திலேயே நின்றுகொண்டு “நீ போ, நீ போ” என்கிறார்கள்.

மறுபடி யோசனை. நிஜத்தில் என்ன நடக்கிறது? ரயில் வராவிட்டால் ஜனங்கள் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே இருப்பார்களா? ஷேர் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் கிளம்பிவிடுவார்கள். ஆக, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நிலையத்துக்கு ஒரு பயணி குறைகிறார். தாமதித்தால் கூட்டம் கரையும். அவசரப்பட்டால் கூட்டத்தை அடுத்தவருக்கு விட வேண்டும். இப்போதுதான் முதல் தடவையாக ஒருவர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார்.

ஆனால் ஆட்டம் ஒன்றரை மணி நேரம் இழுக்கிறது. மறுபடி அடித்துத் திருத்து.

மாதக்கணக்கில் இதேதான். ஒரு விதி சேர்ப்பது, விளையாடுவது, இரண்டு விதியை எடுப்பது, மறுபடி விளையாடுவது. முதலில் சேர்த்த அழகான யோசனை பல சமயம் கடைசிப் பெட்டியில் இருக்காது. அது தனக்குப் பிடித்த யோசனை என்பதற்காக அதை வைத்துக்கொள்ளவும் முடியாது.

வாயைத் திறக்கக் கூடாத வேலை

இந்தத் தொழிலுக்குப் பெரிய பட்டறை தேவையில்லை. கத்தரிக்கோல், ஸ்கேல், பசை, புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் வைத்திருக்கும் கெட்டி அட்டை போதும். தென்சென்னைப் புறநகரில் இருப்பவருக்கு இன்னொரு வசதி, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. செடி, பழைய சாமான், மரத்துண்டு, உடைந்த பொம்மை என்று எதுவும் கிடைக்கும் அந்தச் சந்தையில், காய் ஆகக்கூடிய பொருள் ஏதாவது கண்ணில் படும். நல்ல தாள் வேண்டுமென்றால் மின்சார ரயிலைப் பிடித்துப் பாரிமுனை. அங்கே ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் காகிதக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன.

மாதிரி தயாரானதும் முதலில் மாட்டுவது வீட்டு மனிதர்கள். ஆனால் வீட்டு மனிதர்கள் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. “நல்லாயிருக்கு” என்றுதான் சொல்வார்கள். அம்மா சமைத்ததை அம்மாவிடமே குறை சொல்கிறவர்கள் எத்தனை பேர்? அதனால் அடுத்த கட்டமாக, தெரியாத மனிதர்களிடம் கொண்டுபோக வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி, கல்லூரி விடுதி, நண்பரின் நண்பர் வீட்டு வரவேற்பறை.

அங்கே அவர் கடைப்பிடிக்க வேண்டிய முதல் ஒழுக்கம், பேசாமல் இருப்பது. விதித்தாளைக் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட வேண்டும். விளையாடுகிறவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டால் குறுக்கே போய், “அப்படி இல்லீங்க” என்று சொல்லக் கூடாது. கடையில் பெட்டியை வாங்கிப் போகிறவர் வீட்டுக்குக் கூடவே போய் விளக்கம் சொல்ல முடியாதல்லவா? நாலு பேர் ஒரே வரியைத் தப்பாகப் படித்தால், தப்பு அந்த வரியில்தான்.

கையிலிருக்கும் நோட்டில் அவர் குறிப்பது வெற்றி தோல்வியை அல்ல. யார், எந்தச் சுற்றில் சாய்ந்து உட்கார்ந்தார்? யார் செல்போனை எடுத்தார்? “இப்ப யாரோட ஆட்டம்?” என்று எத்தனை தடவை கேட்டார்கள்? ஆறு பேர் விளையாட, ஆளுக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டால், ஒருவர் தன் முறைக்கு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஒரு மனிதர் வாட்ஸ்அப் முழுக்கப் பார்த்துவிடலாம். அந்த ஐந்து நிமிடத்தில் அவருக்கு என்ன வேலை கொடுப்பது என்பதற்குத்தான் ராத்திரி விழித்து யோசிப்பது.

ஆட்டம் முடிந்ததும் கேட்கும் கேள்வியும் “பிடிச்சிருந்ததா?” என்பது அல்ல. “இன்னொரு ஆட்டம் போடலாமா?” என்பதுதான். தோற்றவர் முதலில் தலையாட்டினால், அன்றைக்கு அவருக்கு நிம்மதியான சாப்பாடு.

கஞ்சி காய்ச்சும் விதி

தோற்றவரைப் பாயில் உட்கார வைக்கும் வித்தை வெளிநாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுப் பல்லாங்குழியைப் பாருங்கள்.

பதினாலு குழி, குழிக்கு ஐந்து காய் என்று வைத்தால் எழுபது காய். ஓர் ஆட்டம் முடிந்ததும் ஒருவர் கையில் காய் குறைந்திருக்கும். அதோடு அவர் தோற்றார், எழுந்து போகலாம் என்று விதி சொல்வதில்லை. இருக்கும் காய்க்கு எத்தனை குழி நிரம்புமோ அத்தனை குழியை நிரப்பிக்கொண்டு, மீதியை மூடி வைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு உட்காரலாம். ஒரு குழியைக்கூட நிரப்பக் காய் இல்லை என்றால்? அதற்கும் சில ஊர்களில் வழி உண்டு. குழிக்கு ஒரே ஒரு காய் என்று வைத்து ஆடுவார்கள். அதற்குப் பெயர் கஞ்சி காய்ச்சுவது. வீட்டில் அரிசி இல்லாத நாளில் என்ன செய்வார்களோ, அதையே ஆட்டத்துக்கும் பெயராக வைத்திருக்கிறார்கள். அந்த ஒற்றைக் காய்களை வைத்துக்கொண்டு மறுபடி எழுந்து ஜெயிக்கவும் வழியிருக்கிறது.

ஆடுபுலி ஆட்டத்தில் வேறு மாதிரியான நியாயம். மூன்று புலி, பதினைந்து ஆடு, கோடுகள் சேரும் 23 இடங்கள். புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. பதினைந்து ஆட்டையும் பலகையில் இறக்கி முடிக்கும்வரை ஓர் ஆட்டைக்கூட நகர்த்தவும் முடியாது. ஆனாலும் ஆடுகள் சேர்ந்து நின்றால் புலிக்கு நகர இடமில்லாமல் போகும். இரண்டு தரப்புக்கும் வேறு வேறு பலம் கொடுத்து, இரண்டு பேருக்கும் ஜெயிக்க வழி வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, புதிதாக ஓர் ஆட்டம் உண்டாக்க உட்கார்ந்தவருக்குத் தெரியும். ஓர் ஆட்டைக் கூட்டினால் புலி பாவம். இரண்டு ஆட்டைக் குறைத்தால் ஆடு பாவம். பதினைந்து என்ற எண்ணில் வந்து நிற்க எத்தனை திண்ணைகளில் எத்தனை பேர் விளையாடிப் பார்த்திருக்க வேண்டும்!

பரமபதம் இன்னும் சுவாரஸ்யம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க விளையாடுவது. ராத்திரி முழுக்க ஓட வேண்டிய ஆட்டம் சீக்கிரம் முடியக் கூடாது. அதனால்தான் உச்சிக்குப் பக்கத்தில் பெரிய பாம்பு வாய் திறந்து காத்திருக்கிறது. முன்னால் போனவருக்கு அது சோதனை. கீழே கிடப்பவருக்கு அதுவே நம்பிக்கை. இந்தியாவிலிருந்து போன இந்தப் பாம்பும் ஏணியும் 1890-களில் இங்கிலாந்தில் அச்சாகி, உலகம் முழுக்கக் குழந்தைகள் ஆட்டமாகப் பரவியது. பச்சீசியின் எளிய வடிவம் லூடோ என்ற பெயரில் 1896-ல் அங்கே காப்புரிமை பெற்றது.

இவற்றைத் திரும்பவும் வீடுகளுக்குள் கொண்டுவருவதையே வேலையாக எடுத்துக்கொண்டவர்களும் சென்னையில் இருக்கிறார்கள். 2002-ல் வினிதா சித்தார்த்தா தொடங்கிய ‘க்ரீடா’ அப்படிப்பட்ட நிறுவனம். பழைய ஆட்டம்தானே, இதில் வடிவமைக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் பல்லாங்குழிக்கு ஊருக்கு ஒரு விதி, தெருவுக்கு ஒரு விதி. வாய்வழியாக வந்ததை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைக்க வேண்டுமென்றால், எந்த வீட்டு விதியை எடுப்பது, எதை விடுவது? மடியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கப் பாட்டி இல்லாத வீட்டிலும், பெட்டியைத் திறந்த பத்து நிமிடத்தில் பிள்ளைகள் ஆட ஆரம்பிக்க வேண்டும். பாட்டி செய்த வேலையை ஒரு துண்டுத்தாள் செய்தாக வேண்டும்.

மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஈ.சி.ஆர். போய், முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவுக்குள் நுழைந்தால், பல ஊர்களின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதைப் பார்க்கலாம். அந்தத் திண்ணைகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். இந்த ஆட்டங்கள் ஏன் இத்தனை நீளம், ஏன் இத்தனை பேரைச் சேர்த்துக்கொள்கின்றன என்பது விளங்கும். அங்கே யாரும் அவசரமாக எழுந்து போக வேண்டியிருக்கவில்லை. இப்போது புறநகரில் அரை மணி நேரம் கிடைப்பதே பெரிது. அந்த அரை மணிக்குள் அதே சந்தோஷத்தைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இன்றைய வடிவமைப்பாளருக்குச் சவால்.

முதலில் வெளியேறியவர் என்ன செய்வார்?

நம் வீடுகளில் ‘பிசினஸ்’ விளையாடாதவர்கள் குறைவு. ஊர்களை வாங்கி, வீடு கட்டி, வாடகை வசூலித்து, கடைசியில் ஒருவர் எல்லாவற்றையும் சுருட்டிக்கொள்வார். முதலில் திவாலாகிறவர் பாவம். அப்புறம் ஒரு மணி நேரம் மற்றவர்கள் விளையாடுவதை வேடிக்கை பார்க்க வேண்டும்; அல்லது அடுக்களையில் போய் பஜ்ஜி எப்போது ஆகும் என்று கேட்க வேண்டும்.

இந்த ஆட்டத்தின் தாய் மொனாபலி. அதற்கும் ஒரு தாய் உண்டு. அமெரிக்காவில் ஸ்டெனோகிராஃபராக வேலை பார்த்த எலிசபெத் மேகி என்ற பெண்மணி, ‘லேண்ட்லார்ட்ஸ் கேம்’ என்ற ஆட்டத்துக்கு 1904-ல் காப்புரிமை வாங்கினார். நிலமெல்லாம் ஒருவர் கைக்குப் போனால் மற்றவர்கள் கதி என்னவாகும் என்று காட்டத்தான் அதை உண்டாக்கினார். அவர் இரண்டு வகை விதி வைத்திருந்தார். ஒன்றில் ஒருவரே எல்லாவற்றையும் சுருட்டலாம். இன்னொன்றில் செல்வம் பெருகும்போது எல்லோருக்கும் பங்கு. உலகம் முதல் விதியைப் பிடித்துக்கொண்டது, இரண்டாவதை மறந்துவிட்டது.

மேகியையும் மறந்துவிட்டது. 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மொனாபலியை வெளியிட்டபோது, கண்டுபிடித்தவர் என்று சார்லஸ் டாரோ என்பவர் பெயர் பரவியது. அவர் லட்சாதிபதி ஆனார். மேகியின் காப்புரிமைக்குக் கிடைத்தது 500 டாலர். விற்பனையில் பங்கு எதுவும் இல்லை. ஒருவர் எல்லாவற்றையும் சுருட்டுவது தப்பு என்று ஆட்டம் உண்டாக்கியவருக்கே அது நடந்தது.

இதற்கு நேர் எதிரான ஆட்டம் ஒன்று 1995-ல் ஜெர்மனியில் வந்தது. பெயர் கேட்டான். உண்டாக்கியவர் கிளவுஸ் டாய்பர். தொழில், பல் செட் செய்வது. டார்ம்ஸ்டாட் நகருக்குப் பக்கத்தில் பல் ஆய்வுக்கூடம் நடத்திக்கொண்டு, வீட்டின் நிலவறையில் ஆட்டங்களை உண்டாக்கி, மனைவி மக்களிடம் விளையாடக் கொடுத்துப் பார்ப்பார். கேட்டானில் யார் பகடையை உருட்டினாலும், விழுந்த எண்ணில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் சரக்கு கிடைக்கும். அடுத்தவர் முறையிலும் உங்களுக்கு வரவு உண்டு என்பதால், பகடை யார் கையில் இருந்தாலும் எல்லோர் கண்ணும் பலகை மேல்தான். யாரும் பாதியில் வெளியேற்றப்படுவதும் இல்லை. காத்திருக்கும் ஐந்து நிமிடத்துக்கு அவர் கண்டுபிடித்த பதில் அது.

அந்த ஆட்டம் அந்த ஆண்டே ஜெர்மனியின் பெரிய விருதை வாங்கியது. அப்படியும் டாய்பர் பல் தொழிலை உடனே விடவில்லை. 1998 வரை பகலில் பல், மற்ற நேரத்தில் பலகை. ஆட்டத்தால் மட்டும் வீட்டை நடத்த முடியும் என்ற நம்பிக்கை அவருக்கே அத்தனை தாமதமாகத்தான் வந்தது.

பெட்டியின் மேல் யார் பெயர்?

அப்படியிருக்க, நம் ஊரில் இதைத் தொழிலாக எடுக்கிறவர் நிலைமை எப்படி இருக்கும்? இங்கேயும் பகலில் ஐ.டி. வேலையோ ஆசிரியர் வேலையோ பார்த்துக்கொண்டு, வார இறுதியில் அட்டை வெட்டுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

அச்சகக் கணக்கு ஒரு காரணம். ஆஃப்செட்டில் அச்சடிக்க பிளேட் போடுவது, மிஷினைத் தயார் செய்வது, பெட்டிக்கு டை வெட்டுவது, இதெல்லாம் நூறு பெட்டிக்கும் ஒரே செலவு, ஆயிரம் பெட்டிக்கும் ஒரே செலவு. ஒரு பேச்சுக்கு அது 20,000 ரூபாய் என்றால், நூறு பெட்டி போட்டால் பெட்டிக்கு 200 ரூபாய். ஆயிரம் போட்டால் 20 ரூபாய்தான். சிவகாசியில் கொடுத்தாலும் சென்னையில் கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால் ஆயிரம் போடத் தோன்றும். போட்ட பிறகு தொள்ளாயிரம் பெட்டி கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் உட்கார்ந்திருக்கும். தரைத்தளத்தில் வீடு என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்துத் தூக்கம் வராது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர்க்காரர்களுக்கு அட்டைப் பெட்டியும் தண்ணீரும் சேர்ந்தால் என்னவாகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது அரசு விதி. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு அந்தச் சோதனை வேண்டியதுதான். ஆனால் சின்ன அளவில் செய்கிறவருக்கு அதுவும் ஒரு செலவு.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1970-ன் 3(எம்) பிரிவு, விளையாடும் முறைக்குக் காப்புரிமை கிடையாது என்கிறது. பலகையின் ஓவியத்துக்கும் விதித்தாளின் வாசகத்துக்கும் பதிப்புரிமை உண்டு. ஆனால் மாதக்கணக்கில் விழித்து, அடித்து, திருத்திக் கண்டுபிடித்தாரே, அந்த விதிக்கு அவர் சொந்தக்காரர் இல்லை. வேறொருவர் வேறு படம் போட்டு, வேறு வார்த்தையில் எழுதி அதே ஆட்டத்தை விற்கலாம்.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. பல்லாங்குழிக்கு யாராவது உரிமை வாங்கி வைத்திருந்தால், அது இத்தனை ஊருக்குப் போயிருக்குமா? தாயத்தைப் பாட்டி தளர்த்தியிருக்க முடியுமா? விதி எல்லோருக்கும் பொது என்பதால்தான் அது வளர்கிறது. உண்டாக்கியவர் வயிற்றுக்கு என்ன வழி என்ற கேள்வி மட்டும் பாக்கி நிற்கிறது.

ஜெர்மன் வடிவமைப்பாளர்கள் அந்தக் கேள்விக்கு ஒரு சின்ன பதில் கண்டுபிடித்தார்கள். 1988-ல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சிக்கு வந்திருந்த 13 பேர், பீர் குவளைக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டை ஒன்றை எடுத்து, அதில் ஓர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பெட்டியின் மேல் உண்டாக்கியவர் பெயரைப் போடாத நிறுவனத்துக்கு யாரும் ஆட்டம் கொடுப்பதில்லை என்பதே அது. காசு கூட்டிக் கேட்கவில்லை, பெயரைக் கேட்டார்கள். இன்றைக்கு நாவலுக்கு எழுத்தாளர் பெயர் இருப்பது மாதிரி, நல்ல ஆட்டப் பெட்டிகளில் வடிவமைப்பாளர் பெயர் இருக்கிறது. ஓர் ஆட்டம் பிடித்தால், அதே பெயரைத் தேடி அடுத்த பெட்டியை வாங்குகிறார்கள். விதியைத் திருடலாம், அந்த நம்பிக்கையைத் திருட முடியாது.

அடுத்த முறை பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கப் போகும்போது, பெட்டியைத் திருப்பி அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிள்ளையிடமும் காட்டுங்கள். ஆட்டங்களை மனிதர்கள் உண்டாக்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் பிள்ளை, தானும் ஒன்று உண்டாக்கலாமே என்று யோசிக்கும்.

இனி அந்தத் தாம்பரம் வீட்டுக்குத் திரும்பலாம். பாட்டிக்கும் பேத்திக்கும் சண்டை இன்னும் முடியவில்லை. கடைசியில் அத்தைதான் ஒரு வழி சொல்கிறார்.

“இப்படி வெச்சுக்கலாம். தொடர்ந்து ஆறு சுத்து தாயம் விழலைன்னா, யாரா இருந்தாலும் ஒரு காயை இறக்கிக்கலாம். அவனுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும்.”

பேத்தி கொஞ்சம் யோசிக்கிறாள். எல்லோருக்கும் என்றால் அவளுக்குச் சம்மதம். பேரன் செல்போனை வைத்துவிட்டுக் கட்டத்துக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்காருகிறான்.

அத்தை சொன்னதை யாராவது ஒரு நோட்டில் எழுதி, கீழே அவர் பெயரையும் போட்டு வைக்கலாம்.